மாவட்டத் தொழில் மையம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகத் தொழில் தொடங்க வருவோருக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பதும் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் அன்றாட வேலை. வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் கையெழுத்து எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பது தெரியாமல்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். வங்கியில் கேட்க வேண்டியதை மையத்திலும், மையத்தில் கேட்க வேண்டியதை ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்டுவிட்டு, யாரும் உதவவில்லை என்று மனம் உடைந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொன்ன பதில்களையே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறை சார்ந்தவை. மானிய வரம்புகளை அரசாணைகள் அவ்வப்போது மாற்றும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. மாவட்டத் தொழில் மையம் என்பது என்ன? அது கடன் கொடுக்கும் அலுவலகம்தானே?

இல்லை. மாவட்டத் தொழில் மையம் ஒரு ரூபாய்கூடக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கி அல்லது தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் போன்ற நிதி நிறுவனம். அந்தக் கடனுக்கு விண்ணப்பத்தைப் பரிந்துரைப்பதும், தகுதி இருந்தால் அரசின் மானியம் வந்து சேர வழி செய்வதும் மையத்தின் வேலை.

1977 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த தொழிற்கொள்கையில் இந்த மையங்கள் பற்றிய யோசனை இடம்பெற்றது. சிறுதொழில் செய்ய விரும்புகிறவர் மூலப்பொருளுக்கு ஓர் அலுவலகம், கடனுக்கு ஓர் அலுவலகம், பயிற்சிக்கு ஓர் அலுவலகம் என்று மாநிலத் தலைநகர் வரை அலைவதைத் தவிர்த்து, எல்லா உதவியையும் மாவட்டத் தலைநகரிலேயே ஒரே கூரையின்கீழ் தர வேண்டும் என்பது நோக்கம். 1978 மே 1 முதல் மையங்கள் செயல்படத் தொடங்கின. தமிழ்நாட்டில் இவை தொழில் வணிகத் துறையின்கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு மையத்துக்கும் பொது மேலாளர் தலைவராக இருக்கிறார். சென்னை மாவட்டத்தில் மட்டும் இதே பணியை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் செய்கிறது.

2. அப்படியானால் பொது மேலாளருக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது?

மையத்தின் பணிகளில் அது தானே செய்து முடிப்பவை சில. மாநில அரசு தரும் முதலீட்டு மானியம், குறு நிறுவனங்களுக்கான தாழ்வழுத்த மின்கட்டண மானியம் ஆகியவற்றுக்கான கோரிக்கை மையத்துக்குத்தான் வரும். அதிகாரி ஆலைக்கு நேரில் வந்து, இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் உள்ள வரிசை எண்ணையும் பட்டியலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, உற்பத்தி உண்மையில் தொடங்கிவிட்டதா என்று பார்த்து, மானியத்துக்குத் தகுதியான தொகையைக் கணக்கிடுகிறார். வரிசை எண் ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் நின்றுபோன கோப்பு ஒன்றை நான் அறிவேன். விற்பனையாளரிடமிருந்து திருத்திய பட்டியல் வாங்கிவர இரண்டு மாதம் ஆயிற்று. இயந்திரம் வந்து இறங்கும் நாளிலேயே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

வேறு சில பணிகளில் மையம் பரிந்துரை மட்டுமே செய்யும்; வங்கிக் கடன் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. இன்னும் சிலவற்றில் அது ஒருங்கிணைப்பாளர்: பல துறைகளின் அனுமதிகளை ஒரே மேசைக்குக் கொண்டுவரும், ஆனால் அந்த அனுமதிகளை அதுவே வழங்காது. வரி விதிக்கவோ, நிலத்தைக் கையகப்படுத்தவோ, கட்டட அனுமதி தரவோ, வங்கிக்கு உத்தரவிடவோ மையத்துக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் வேலை இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொண்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும்.

3. உத்யம் பதிவுச் சான்றிதழை மையத்தில்தான் வாங்க வேண்டுமா? இணையத்தில் ஒருவர் அதற்குக் கட்டணம் கேட்கிறார்.

குறு, சிறு அல்லது நடுத்தர நிறுவனம் என்று அரசிடம் பதிந்துகொள்வதுதான் உத்யம் பதிவு. அது முழுக்க முழுக்க இலவசம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவை மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணும் பான் எண்ணும் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. விவரங்களைச் சரியாகத் தந்தால் போதும். இணையம் பழக்கமில்லாதவர்கள் மையத்துக்குச் சென்றால் உதவி செய்வார்கள், அதற்கும் கட்டணம் இல்லை.

அரசுத் தளம்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. கட்டணம் செலுத்தச் சொல்லும் பக்கம் வந்தாலே நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். சான்றிதழுக்கு ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் என்று யாராவது தொலைபேசியில் கேட்டாலும் அப்படி ஒன்று கிடையாது.

4. என் நிறுவனம் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இயந்திரங்களில் போட்ட முதலீடு, ஆண்டு விற்றுமுதல் ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாமல் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடிக்கும் 100 கோடிக்கும் மிகாமல் இருந்தால் சிறு நிறுவனம். 125 கோடிக்கும் 500 கோடிக்கும் மிகாமல் இருந்தால் நடுத்தர நிறுவனம். இரண்டில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள். ஏற்றுமதி விற்பனையை விற்றுமுதல் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வகைப்பாடு வெறும் பெயருக்கானது அன்று. 14-ஆம் கேள்விக்கு வரும்போது அதன் முக்கியத்துவம் புரியும்.

5. மானியத்துடன் கடன் தரும் திட்டங்கள் பல இருக்கின்றனவே, எனக்கு எது பொருந்தும்?

திட்டச் செலவு, கல்வித் தகுதி, சமூகப் பிரிவு, ஊர் ஆகியவற்றைச் சொன்னால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். பொதுவாகச் சொல்வதானால், பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்டம் போடலாம். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம் அதைவிடச் சிறிய தொழில்களுக்கானது. அதில் மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 3.75 லட்சம்.

பெரிய அளவில் தொடங்க நினைக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் என்று அழைக்கப்படும் மாநிலத் திட்டம் இருக்கிறது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். கூடவே 3 சதவீத வட்டி மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினத் தொழில்முனைவோருக்காக 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு; மானியத்தின் உச்சவரம்பு 1.5 கோடி. இந்தத் திட்டத்துக்குத் தகுதி உள்ளவர்கள் பலர், அது இருப்பதே தெரியாமல் குறைந்த மானியம் தரும் திட்டங்களில் விண்ணப்பிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மையத்துக்குப் போனதும் முதலில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

6. மானியத் தொகை எப்போது என் கைக்கு வரும்? அதை வைத்துத்தான் இயந்திரம் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

இந்த எண்ணத்தோடு தொடங்கியவர்கள்தான் நடுவழியில் நிற்கிறார்கள். பிரதமரின் திட்டத்தில் மானியம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிராமப்புறத்தில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாய் செலவில் உற்பத்திப் பிரிவு தொடங்குகிறார். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் அவருடைய சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 1 லட்சம். மீதி 19 லட்சத்தையும் வங்கி கடனாகத் தருகிறது. கிராமப்புறச் சிறப்புப் பிரிவினருக்கு மானியம் 35 சதவீதம், அதாவது 7 லட்சம். அந்த 7 லட்சம் வங்கிக்கு வந்து, அவர் பெயரில் மூன்று ஆண்டு வைப்புத்தொகையாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி தரமாட்டார்கள். அதற்கு ஈடான 7 லட்சம் கடனுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துத் தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அந்தத் தொகை கடனில் வரவு வைக்கப்படும். ஆக, அவர் உண்மையில் திருப்பிச் செலுத்த வேண்டிய அசல் 12 லட்சம்.

பொதுப் பிரிவினருக்குச் சொந்தப் பங்கு 10 சதவீதம். மானியம் நகர்ப்புறத்தில் 15, கிராமப்புறத்தில் 25 சதவீதம். சிறப்புப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 25 சதவீதம். எந்தப் பிரிவானாலும், மானியத்தை நம்பி வெளியில் கைமாற்று வாங்காதீர்கள்.

7. நிலத்தின் விலையையும் திட்டச் செலவில் சேர்க்கலாமா?

பிரதமரின் திட்டத்தில் சேர்க்க முடியாது. தொழிற்கூடம் கட்டும் செலவைச் சேர்க்கலாம். வாடகைக் கட்டடம் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு வாடகையைக் கணக்கில் கொள்வார்கள்.

8. ஆட்சியர் முன்னால் நேர்காணல் இருக்கிறது, அதற்கு ஆள் பிடிக்க வேண்டும் என்கிறார்களே?

பிரதமரின் திட்டத்தில் முன்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பணிக்குழு நேர்காணல் நடத்தி விண்ணப்பங்களைத் தேர்வு செய்தது. 2020 ஏப்ரலில் அந்த நடைமுறை கைவிடப்பட்டது. இப்போது மையமே விண்ணப்பத்தை ஆராய்ந்து நேரடியாக வங்கிக்கு அனுப்புகிறது. எனவே நேர்காணலில் தேர்ச்சி பெற வைக்கிறேன் என்று பணம் கேட்பவர், இல்லாத ஒன்றை விற்கிறார்.

நேர்காணலோ விசாரணையோ எதுவாக இருந்தாலும், கேட்கப்படுவது உங்கள் தொழிலைப் பற்றித்தான்: மூலப்பொருள் எங்கிருந்து வரும், ஒரு நாளில் எவ்வளவு உற்பத்தி, யார் வாங்குவார்கள், மாதத் தவணை கட்ட எவ்வளவு மிஞ்சும். நான் எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கையையே படிக்காமல் அதிகாரி முன் உட்கார்ந்தவர்கள் உண்டு. அறிக்கையை யார் எழுதினாலும் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் நீங்களே விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

9. மையம் பரிந்துரைத்துவிட்டது, வங்கி மேலாளர் முடியாது என்கிறார். பொது மேலாளர் வங்கிக்கு உத்தரவு போட முடியாதா?

முடியாது. கடன் தருவது வங்கியின் வணிக முடிவு. பரிந்துரைக் கடிதம் அதைக் கட்டுப்படுத்தாது. அதற்காக மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை. முதலில் மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். "இலக்கு முடிந்துவிட்டது", "இந்தப் பகுதி எங்கள் கிளைக்கு வராது" என்று வாயால் சொல்லப்படும் காரணங்கள் பல, எழுத்தில் கேட்டவுடன் மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். கிளையின் சேவைப் பகுதி என்பது உண்மையான காரணமாக இருந்தால், விண்ணப்பத்தை வேறு கிளைக்கு மாற்றித் தருமாறு மையத்தைக் கேட்கலாம்.

எழுத்து மூலமான மறுப்பு கையில் இருந்தால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். மாவட்டத்தின் எல்லா வங்கிகளும் ஆட்சியர் தலைமையில் கூடும் ஆலோசனைக் குழுக் கூட்டங்களில் அரசுத் திட்டங்களில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் பற்றியும் பேசுகிறார்கள். அங்கே பொது மேலாளர் உங்கள் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்க முடியும். அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லாவிட்டாலும், கேள்வி கேட்கும் இடம் இருக்கிறது. அதை அவர் பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கோரலாம்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். கடன் தரலாமா கூடாதா என்ற வணிக முடிவுக்குள் அவர் நுழையமாட்டார். ஆனால் விண்ணப்பத்துக்குப் பதிலே சொல்லாமல் கிடப்பில் போடுவது சேவைக் குறைபாடு. அதைப் பற்றி முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்து, 30 நாளில் பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

10. சொத்துப் பத்திரம் வைத்தால்தான் கடன் என்று வங்கியில் சொல்கிறார்கள். அது சரியா?

குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இல் வங்கிகளுக்கு விதித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு 20 லட்சம். அதற்கு மேற்பட்ட கடனுக்குக் கடன் உத்தரவாத அறக்கட்டளையின் காப்பு இருக்கிறது; கடன் திரும்பி வராவிட்டால் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை அது ஏற்கும். 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரையிலான கடன்களை அதன்கீழ் கொண்டுவரலாம். காப்புக்குக் கட்டணம் உண்டு. இந்தக் காப்பை எடுப்பது வங்கியின் விருப்பம் என்பதையும் மனத்தில் வையுங்கள். 20 லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்குப் பத்திரம் கேட்டால் மட்டும், 9-ஆம் பதிலில் சொன்னபடி அதை எழுத்தில் கேளுங்கள்.

11. தொழில் தொடங்க இடம் இல்லை. மையம் அரசு நிலம் ஒதுக்கித் தருமா?

மையத்திடம் நில வங்கி எதுவும் இல்லை. சிறுதொழிலுக்கான மனைகளையும் தொழிற்கூடங்களையும் ஒதுக்குவது 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ. பெரிய தொழிற்பூங்காக்கள் 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட்டின் கையில் உள்ளன. காலி மனைகளின் விவரமும் விண்ணப்பமும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். மையத்தில் எந்தப் பேட்டையில் என்ன வகைத் தொழில்கள் இருக்கின்றன, உங்கள் தொழிலுக்கு எது ஏற்றது என்று வழிகாட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்தைத் தொழிலுக்காகக் கையகப்படுத்தித் தரும்படி மையத்தில் மனு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் அரசுடையது, தனி ஒருவருக்காக மையம் கேட்டுப் பெறக்கூடியதன்று.

12. ஒற்றைச் சாளரம் என்றால் ஒரே கையெழுத்தில் எல்லா அனுமதியும் கிடைத்துவிடும் அல்லவா?

பெயர் அப்படி ஓர் எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் ஒற்றைச் சாளரம் என்பது விண்ணப்பம் செல்லும் ஒரே வாசல். உள்ளே போனதும் அது மாசு கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை, நகர் ஊரமைப்புத் துறை, மின்வாரியம், உள்ளாட்சி அமைப்பு என்று அவரவர் மேசைக்குப் பிரிந்து செல்கிறது. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழான இசைவாணையை மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான் தர முடியும். பொது மேலாளர் தர முடியாது.

அப்படியானால் பயன் என்ன என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 2018-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் எளிமையாக்கல் சட்டம் ஒவ்வொரு அனுமதிக்கும் காலக்கெடு வைத்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அதைக் கூட்டும் பொறுப்பு பொது மேலாளருடையது. காலக்கெடு கடந்த விண்ணப்பம் அந்தக் குழுவின் முன் போகும்போது, தாமதித்த துறையின் அதிகாரியும் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் ஏன் தாமதம் என்று அந்த மேசையிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. தனி ஆளாக நீங்கள் பத்து முறை போனாலும் கிடைக்காத பதில் அங்கே ஒரே நாளில் கிடைக்கலாம். அதனால்தான் அனுமதிகளைத் தனித்தனியாகத் தாளில் கொடுக்காமல் ஒற்றைச் சாளரத் தளம் வழியாகவே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். தளத்தில் பதிவான நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும்.

13. ஊராட்சியில் அனுமதி மறுத்துவிட்டார்கள். பொது மேலாளர் அதை ரத்து செய்ய முடியுமா?

ரத்து செய்ய முடியாது; ஊராட்சி சட்டப்படி தனி அமைப்பு. மறுப்பின் காரணம் எழுத்தில் இருந்தால், முந்தைய பதிலில் சொன்ன மாவட்டக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். அக்கம்பக்கத்து மக்களின் எதிர்ப்பு காரணமாக இருந்தால், குழுவுக்குப் போகும் முன் அவர்களோடு பேசுங்கள். சத்தம், புகை, கழிவுநீர் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் அச்சம் இருக்கும். அந்த அச்சத்துக்கு நியாயம் இருந்தால் திட்டத்தை மாற்றுவதே முறை.

14. ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பொருள் கொடுத்து எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. மையத்தில் புகார் கொடுத்தால் வசூலித்துத் தருவார்களா?

மையம் வசூலித்துத் தராது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாளும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். கொள்முதல் ஆணையில் 90 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேற்பட்ட பகுதி செல்லாது. பொருளில் குறை என்றால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துத் தரம் சரியில்லை என்று சொல்வதைப் பல வாங்குபவர்கள் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அப்போது இந்த 15 நாள் விதிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் அசலில் சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். இதற்கான மனுவைக் குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்கல் மன்றத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. மன்றம் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அது முறிந்தால் நடுவர் தீர்ப்புக்குச் செல்லும். கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், பொருள் பெற்றதற்கான கையெழுத்து, உத்யம் சான்றிதழ் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கிக் கொடுக்க மையத்தில் உதவி கேட்கலாம். பொருள் பெற்றதற்கான கையெழுத்து இல்லாத மனுக்கள்தான் அதிகம் தடுமாறுகின்றன. லாரி ஓட்டுநரிடம் பொருள் அனுப்பும் சீட்டைக் (செலான்) கொடுத்து அனுப்பும்போதே முத்திரையும் தேதியும் வாங்கிவரச் சொல்லிவிடுங்கள்.

நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 4-ஆம் கேள்வியில் வகைப்பாடு முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

15. உத்யம் பதிவு இல்லாமல் பொருள் கொடுத்துவிட்டேன். இப்போது பதிவு செய்துகொண்டு மனு போடலாமா?

இது சிக்கலான இடம். பதிவு செய்வதற்கு முன் நடந்த விற்பனைக்கு இந்தச் சட்டத்தின் பயனைப் பின்னோக்கிக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. பழைய விற்பனைக்கு வழக்கறிஞரின் ஆலோசனை இல்லாமல் இறங்க வேண்டாம். இனி வரும் ஆணைகளைப் பொறுத்தவரை, முதல் ஆணையை ஏற்கும் முன்பே பதிவை முடித்து, எண்ணை ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் அச்சிடுங்கள்.

16. நான் மொத்த வியாபாரி. என்னிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறது. 45 நாள் விதி எனக்கும் உண்டுதானே?

இல்லை. சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலை 2 முதல் உத்யம் பதிவுக்குள் அனுமதித்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்காக மட்டும். 14-ஆம் பதிலில் சொன்ன வட்டியும் மன்றமும் பொருளை உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியவை. சான்றிதழ் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது.

17. மன்றம் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வாங்கிய நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போகிறது. இனி எல்லாம் முதலிலிருந்தா?

தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை நீதிமன்றத்தில் முன்கூட்டியே கட்டினால்தான் அந்த மனுவை எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தொகையில் நியாயமான ஒரு பகுதியை வழக்கு நடக்கும்போதே உங்களுக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அதை நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பணம் நீதிமன்றக் கணக்கிலேயே இருக்கும்.

18. பிரதமரின் திட்டத்தில் கடன் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. தொழில் நடக்கவில்லை. இயந்திரத்தை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். இயந்திரம் வங்கியின் அடமானத்தில் இருக்கிறது. அனுமதியில்லாமல் விற்றால் அது வேறு வழக்காகிவிடும். மூன்று ஆண்டுக்குள் தொழிலை மூடினால் 6-ஆம் பதிலில் சொன்ன வைப்புத்தொகை அரசுக்கே திரும்பிப் போகும், முழுக் கடனும் உங்கள் தலையில் நிற்கும். கடனைத் தள்ளுபடி செய்யவோ தவணையைத் தள்ளிவைக்கவோ மையத்துக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் நலிவுறும் நிறுவனங்களுக்காக 2015-இல் மத்திய அரசு ஒரு சீரமைப்பு நடைமுறையை அறிவித்தது. அதை ஒட்டி 2016-இல் ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு வழிமுறை வகுத்தது. 25 கோடி வரையிலான கடன்களுக்கு வங்கியே குழு அமைத்து, தவணையை மாற்றியமைக்கலாமா, கூடுதல் கடன் தரலாமா என்று ஆராய வேண்டும். தொழில் நலிகிறது என்று தோன்றியதும் நீங்களே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். கணக்கு வாராக்கடன் ஆகும் முன் விண்ணப்பிப்பது மிக முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு வங்கிப் பக்கமே போகாமல் இருப்பவர்களைத்தான் இந்த நடைமுறை காப்பாற்ற முடியாமல் போகிறது.

19. என் கோப்பு மையத்திலேயே நகராமல் கிடக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் பொது மேலாளரையே நேரில் பாருங்கள். கீழ்நிலையில் நிற்கும் கோப்பு அவருக்குத் தெரியாமல் இருப்பது சாதாரணம். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அன்றே தேடி எடுப்பார்கள். பலன் இல்லாவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனுவுக்கான எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் மையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதிலே வரும். "இன்ன எண் கொண்ட என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரின் மேசைக்குச் சென்றது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். நான் எழுதிக் கொடுத்த இத்தகைய மனுக்களில் பல, பதில் வரும் முன்பே வேலையை முடித்துவிட்டன. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதித் தர வேண்டிய நிலை வந்ததும் அது நகரத் தொடங்கியது.